அடுப்பில் பார்லி வைத்தால் அரெஸ்ட்!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் கீழ்பென்னாத்தூர் வரும். அந்த ஊரில் ஒரே தெருவில் மூன்று பேர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதல் வீட்டில் ஓர் அம்மா. ஆடி மாதம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். கேழ்வரகு மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்திருக்கிறார். காலையில் பானையைத் திறந்தால் மேலே நுரை கட்டியிருக்கும். நொய்யைப் போட்டுக் கிண்டி இறக்குவார். தெருவே வந்து வாங்கிக் குடிக்கும்.

இரண்டாவது வீட்டில் ஓர் இளைஞர். சில வருஷம் அயர்லாந்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அங்கே குடித்துப் பழகிய கறுப்பு பீரை, அதாவது ஸ்டௌட்டை, ஒரு தடவை சொந்தமாகச் செய்து பார்க்கலாமே என்று நினைக்கிறார். விற்க அல்ல. தனக்கும் இரண்டு நண்பர்களுக்கும். பின்கட்டில் ஒரு பெரிய பாத்திரம், ஒரு தெர்மாமீட்டர், நாலைந்து கிலோ பார்லி.

மூன்றாவது வீட்டுக்காரர் எதுவும் செய்வதில்லை. தினம் சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போகிறார். ஒரு குவார்ட்டர். சில நாள் இரண்டு. வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது பக்கத்து வீட்டுச் சுவர்களுக்குத் தெரியும்.

இப்போது சொல்லுங்கள். இந்த மூன்று பேரில் சட்டப்படி குற்றவாளி யார்?

சந்தேகமே வேண்டாம். இரண்டாவது வீட்டு இளைஞர்தான். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் நான்காவது பிரிவின்படி மது தயாரிப்பது குற்றம். தயாரிப்பதற்கான பொருளையும் பாத்திரத்தையும் வைத்திருப்பதும் குற்றம். அந்தச் சட்டத்துக்கு பீர், கள், சாராயம் எல்லாமே மதுதான். மூன்றாவது வீட்டுக்காரர் குற்றவாளி இல்லை. அவர் அரசாங்கத்தின் மதிப்புக்குரிய வாடிக்கையாளர்.

இந்தக் கூத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடி நல்லது என்று நான் சொல்லவில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஸ்டௌட்டுக்கும் இது பொருந்தும், கள்ளுக்கும் பொருந்தும், பிராந்திக்கும் பொருந்தும். என் கேள்வி வேறு. கெடுதல்தான் காரணம் என்றால், கெடுதல் குறைந்ததைச் செய்பவன் எப்படி ஜெயிலுக்குப் போகிறான்? கெடுதல் அதிகமானதை விற்பவர் எப்படி பட்ஜெட் போடுகிறார்?

முதலில் அந்தப் பையன் செய்கிற 'குற்றம்' என்ன என்று பார்ப்போம்.

நம் வீட்டில் குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கஞ்சி போடுகிறோம் இல்லையா? அதே வேலையை பார்லிக்குச் செய்தால் அதற்குப் பெயர் மால்ட். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருப்பதும் அந்த மால்ட்தான். அயர்லாந்து ஸ்டௌட்டுக்குப் பத்தில் ஏழு பங்கு இந்த மால்ட். இரண்டு பங்கு அவல் மாதிரி தட்டையாக்கிய பார்லி. மிச்சம் ஒரு பங்கு, காப்பிக்கொட்டை மாதிரி கறுக வறுத்த பார்லி. அந்தக் கறுப்பும் காப்பி மாதிரியான கசப்பும் இந்த ஒரு பங்கில் இருந்து வருவதுதான்.

இதை ரவையாக உடைத்து, 65, 66 டிகிரி சூட்டில் இருக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்க வேண்டும். முளைத்த தானியத்துக்குள் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். வடிகட்டினால் இனிப்பான கஷாயம். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறவைத்து ஈஸ்ட் போட வேண்டும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் விடும். இனிப்பு அதிகம் மிச்சமில்லாமல் தின்றுவிடுவதால்தான் இதை 'டிரை' ஸ்டௌட் என்கிறார்கள். இரண்டு வாரம் பொறுத்து பாட்டிலில் அடைத்து, இன்னும் ஒன்றிரண்டு வாரம் காத்திருந்தால் நுரையோடு தயார். நாலு, நாலரை சதவிகிதம் ஆல்கஹால்.

இதில் காய்ச்சி வடிப்பது எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊறல் போட்டு, ஆவியாக்கி, சொட்டுச் சொட்டாக இறக்குகிற சாராய வேலை வேறு. இது புளிக்க வைப்பதோடு முடிகிறது. கிட்டத்தட்ட நம் கூழ்ப்பானை வேலை.

வெள்ளைக்காரன் சமாசாரம் நமக்கெதற்கு என்று யாராவது கேட்பார்கள். சங்க இலக்கியத்தைப் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் கூழைக் காய்ச்சி, அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து, நெல்முளையைச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு, சாடியில் முதிரவைத்துப் பிழிந்தெடுக்கிற மது வருகிறது. முளைகட்டிய தானியம், கூழ், ஆறவைத்தல், காத்திருத்தல். டப்ளினில் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். இதே திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாத்தில், மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் மது வருகிறது. அன்றைய செய்முறையை அப்படியே இன்று ஒருவர் செய்து பார்த்தால் வழக்கு. கேட்டால், பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்பார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். நான் பி.காம் படித்தவன். எனக்கு எதுவும் கணக்காகப் போட்டால்தான் புரியும்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். பெருக்கினால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஸ்டௌட் 650 மில்லி, 4.2 சதவிகிதம் என்று வையுங்கள். 27 மில்லி. அதாவது ஒரு குவார்ட்டரை முழுங்குகிறவர் கிட்டத்தட்ட மூன்று பெரிய பாட்டில் ஸ்டௌட்டில் இருக்கிற ஆல்கஹாலைப் பத்து நிமிஷத்தில் உள்ளே தள்ளுகிறார். மூன்று பெரிய பாட்டில் ஸ்டௌட்டைப் பத்து நிமிஷத்தில் குடிப்பதற்கு வயிற்றில் இடம் வேண்டும்.

இன்னொரு கணக்கு. 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் மொத்தமாகக் கையில் எடுத்தது. அந்த நிதியாண்டில் அரசுக்கு மது மூலம் வந்த வருமானம் சுமார் 3,600 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. இது 2025 ஏப்ரலில் சட்டசபையில் அரசே வைத்த கணக்கு. இருபத்தியோரு வருஷத்தில் பதிமூன்று மடங்கு. ஒரு நாளைக்கு சுமார் 132 கோடி. அப்போது இருந்த கடைகள் 4,787. இந்தக் காலத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. இரண்டுமே 'படிப்படியாக மதுவிலக்கு' என்று பேசின. படி இருந்தது உண்மை. மேலே போகிற படி.

இந்தக் கதையில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போய்விடுமே, பள்ளத்தை எப்படி நிரப்புவது? 1939-ல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்தது. அதாவது குடிக்காதவனும் வாங்குகிற பொருளுக்கு வரி கட்டி, குடியை ஒழிக்க உதவட்டும் என்ற ஏற்பாடு. நியாயம்தான். 1971-ல் மதுவிலக்கு போய்விட்டது. விற்பனை வரி போனதா? அது வாட் ஆகி, ஜி.எஸ்.டி. ஆகி, நீங்கள் வாங்குகிற பிஸ்கட் பாக்கெட் வரை வந்துவிட்டது. மது மட்டும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே, மாநில அரசின் தனிக் கல்லாவில் பத்திரமாக இருக்கிறது. மதுவிலக்குக்காகக் கொடுத்த விலையையும் கட்டுகிறோம், மதுவையும் வாங்குகிறோம்.

இப்போது அந்த 1937 சட்டத்தை மறுபடி பாருங்கள். மதுவை ஒழிப்பதற்காக எழுதிய சட்டம். இன்று அது செய்கிற வேலை என்ன? அரசைத் தவிர வேறு யாரும் வியாபாரத்தில் நுழையாமல் பார்த்துக்கொள்கிறது. காமர்ஸ் வகுப்பில் இதற்கு ஏகபோகம் என்று பெயர். காந்தி படத்தை மாட்டிவிட்டு அதே கல்லாவில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை.

பிரிட்டனிலும் இப்படித்தான் நடந்தது. 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதான வரியை எடுத்துவிட்டு பீர் மீது வரி போட்டார். கூடவே, வீட்டில் பீர் செய்கிறவர்களும் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றார். காரணம் ஒழுக்கமல்ல, வரி. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த லைசென்ஸைத் தூக்கிக் கடாசினார். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம், வீட்டுக்கு வருஷம் 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்கு வரியில்லாமல் பீர் செய்துகொள்ளலாம் என்றது. அன்று அந்த நாட்டில் இருந்த பீர் ஆலைகள் நூறுக்கும் குறைவு. இன்று 9,000-க்கும் மேல். அவற்றில் பலவற்றை ஆரம்பித்தவர்கள் சொந்த வீட்டு அடுப்பில் தொழில் பழகியவர்கள்.

அமெரிக்கா வேண்டாம், இந்தியாவைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் பழங்குடிகள் தங்கள் வீட்டுத் தேவைக்கு இலுப்பைப் பூ மது செய்துகொள்ளச் சட்டமே விலக்கு தருகிறது. அசாமில் திமாசா மக்கள் வீட்டில் செய்கிற அரிசி மதுவான ஜுடிமாவுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மதுரை மல்லிக்குக் கிடைத்ததே, அதே மரியாதை. கோவா ஃபெனிக்கு 2009-லேயே கிடைத்துவிட்டது. பக்கத்துப் புதுச்சேரியில் கள்ளுக்கடை இருக்கிறது. கேரளாவில் இருக்கிறது. நம் எல்லைக்குள் மட்டும் பனைமரத்தில் பானை கட்டினால் வழக்கு.

ஆமாம், பனைமரம். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அயர்லாந்து ரிட்டர்ன் பையனுக்கு வழக்கு வந்தாலும் வக்கீல் வைத்துச் சமாளித்துக்கொள்வார். வேண்டாம் என்றால் புதுச்சேரிக்கு ஒரு நடை போய்க் குடித்துவிட்டு வருவார். அவரை நான் இந்த வழக்கில் சாட்சியாகத்தான் கூப்பிட்டேன். உண்மையான கட்சிக்காரர் பனையேறி. 1987 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதில் இறங்குவது பதநீர், சர்வோதயக் கடையில் விற்கலாம். சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலிருக்கிற ஈஸ்ட் வந்து உட்கார்ந்து சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும், குற்றம். அதே மரம், அதே மனிதர், அதே அரிவாள். அந்த மரமோ நம் மாநில மரம். 2017-ல் தென்னை நீரா இறக்க விதிகள் செய்து அனுமதித்தார்கள். அதாவது புளிக்காத வரை விவசாயி, புளித்துவிட்டால் கைதி.

கள்ளில் ஆல்கஹால் எவ்வளவு? ஏறத்தாழ ஒரு சாதாரண பீர் அளவுதான். கடையில் விற்கிற ஸ்ட்ராங் பீரை விடக் குறைவு.

"கலப்படம் வரும்" என்பார்கள். வரும். கள்ளில் மயக்க மருந்து கலக்கிற அயோக்கியர்கள் இருந்திருக்கிறார்கள். பாலிலும்தான் கலக்கிறார்கள். அதற்காக மாட்டைக் கைது செய்வதில்லை. கலப்படக்காரனைப் பிடிக்க ஆய்வுக்கூடமும் அதிகாரியும் வேண்டும். தடை போட்டால் இரண்டும் வேண்டாம், மாமூல் போதும்.

"கள்ளச்சாராயச் சாவுகளை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் செத்தார்கள். 2024 ஜூனில் நமக்குப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 60 பேருக்கும் மேல் செத்தார்கள். வரிசையாக எரிந்த சிதைகளை டி.வி.யில் பார்த்தோம். அவர்களைக் கொன்றது எது? பார்லியா? பனையா? மெத்தனால். அது பானையில் புளித்து வருவதில்லை. தொழிற்சாலைகளுக்காகத் தயாராகிற ரசாயனம். தானியத்தையோ கள்ளையோ புளிக்க வைத்தால் ஆளைக் கொல்கிற அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. வீட்டு பீரில் நடக்கக்கூடிய அதிகபட்ச விபரீதம், சுத்தமில்லாமல் செய்தால் புளித்துப் போகும், அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

கருணாபுரத்துக் கூலித் தொழிலாளி ஏன் அந்தப் பாக்கெட்டை வாங்கினார்? குவார்ட்டரை விட அது மலிவு. அரசு விற்கிற சரக்கு அவருக்குக் கட்டுபடியாகவில்லை. கெடுதல் குறைந்த கள் தடையில் இருக்கிறது. மிச்சமிருப்பது பாக்கெட். சாவு நடந்த பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். நல்லது, மெத்தனால் கலக்கிறவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அவனுடைய வாடிக்கையாளரை அவனிடம் தள்ளியது எது என்பதை எந்தத் திருத்தமும் தொடவில்லை.

அடுத்து, பெண்கள். இந்த எதிர்ப்பைத்தான் நான் மதிக்கிறேன். குடியின் பில்லைக் கட்டுகிறவர்கள் அவர்கள். 1992-ல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் திரண்டார்களே, எதை எதிர்த்து? அரசு ஏலம் விட்ட சாராயக் கடையை எதிர்த்து. 2015-ல் சசிபெருமாள் குமரி மாவட்டத்தில் செல்போன் டவரில் ஏறிப் போராடி உயிரை விட்டாரே, எதற்காக? ஒரு டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி. மலாயா ரப்பர் தோட்டங்களில் நம் தமிழர்கள் 1946, 47-ல் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தார்களே, ஏன்? சம்பளம் கொடுத்த தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடையும் நடத்தி, வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கியது. அங்கே விற்றது கள்தான். ஆகவே கள் புனிதம் என்று நான் வாதாட மாட்டேன். மக்கள் எதிர்த்தது எதை என்று பாருங்கள். லாபத்துக்காக, தினசரி, தெருமுனையில், கூலி வாங்கின கை சூடாறுவதற்குள் திறந்திருக்கிற கடையை. யார் வீட்டுப் பானையையும் அல்ல.

குடிகாரக் கணவனுக்கு வீட்டிலேயே பீப்பாய் வைத்துக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று ஒரு சகோதரி கேட்கலாம். இல்லை அம்மா. அடிமையாகிவிட்டவருக்குத் தேவை சிகிச்சை. அவர் பார்லி ஊறவைத்து மூன்று, நான்கு வாரம் காத்திருக்கவும் மாட்டார், அவருக்கு இன்று மாலையே வேண்டும். அந்த இன்று மாலைத் தேவையை நம்பித்தான் 132 கோடி ஓடுகிறது. இன்னொன்று, வீட்டில் பீர் செய்வதில் முக்கால்வாசி வேலை பாத்திரம் கழுவுவது. கழுவ வேண்டியது செய்கிற ஆணே என்று சட்டத்தில் எழுதச் சொல்லலாம். பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே போய்விடும்.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை.

ஒன்று: காய்ச்சி வடிக்காமல், விற்காமல், சொந்த உபயோகத்துக்கு ஒரு வரம்புக்குள் புளிக்க வைப்பதை, அது பார்லியோ அரிசியோ திராட்சையோ, குற்றப் பட்டியலிலிருந்து எடுங்கள். வடிப்பதும் விற்பதும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பதும் குற்றமாகவே இருக்கட்டும்.

இரண்டு: கள்ளுக்குத் தடையை நீக்குங்கள். ஏலம் வேண்டாம், காண்ட்ராக்டர் வேண்டாம். ஏலம் வந்தால் ரவுடி வருவான். மரம் ஏறுகிறவரும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கமும் நேரடியாக விற்கட்டும். அங்கங்கே மாதிரி எடுத்துப் பரிசோதியுங்கள்.

மூன்று: மது வருமானத்தில் எத்தனை பைசா குடிநோய் சிகிச்சைக்குப் போகிறது என்று வருஷா வருஷம் பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்டுங்கள்.

இதில் எதுவும் முடியாது, மதுவே கூடாது என்பது அரசின் கொள்கை என்றால், அதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் பனையேறியின் பானைக்கும் பையனின் பாத்திரத்துக்கும் சட்டம் வைத்திருக்கிற அதே நான்காவது பிரிவைக் கடைகளுக்கும் காட்டுங்கள். ஒரு மாதம். ஒரே ஒரு மாதம் எல்லாக் கடையையும் மூடிவிட்டு, 'இது ஒழுக்கத்துக்கான சட்டம்' என்று சொல்லுங்கள். நம்புகிறேன்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளர், எந்தக் கட்சியானாலும் சரி, உங்கள் வாசலுக்கு வரும்போது டாஸ்மாக்கை எப்போது மூடுவீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் ரெடிமேட் பதில் இருக்கிறது. 42.8 சதவிகிதம் விற்கலாம், நாலு சதவிகிதம் இறக்கக்கூடாது என்பதற்கு என்ன காரணம் என்று கேளுங்கள். அவர் ஆரோக்கியம் என்று ஆரம்பித்தால் கணக்கைக் காட்டுங்கள். காசு என்று ஒப்புக்கொண்டால், உண்மையைச் சொன்னதற்காக அவருக்கு ஒரு டம்ளர் கூழ் கொடுங்கள். அதற்கு இன்னும் தடை வரவில்லை.